இரும்பு பைப் எரியாது. அதைச் சுற்றியுள்ள சந்து?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் விடுதிகளாகின்றன. அதே வட்டாரத்தில் புதிதாக ஆஸ்பத்திரியும் கல்யாண மண்டபமும் நாலு மாடி லாட்ஜும் எழும்புகின்றன. எந்தக் கட்டடமானாலும் சுவரையும் தளத்தையும் துளைத்துத்தான் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன், காப்பர் லைன், தீயணைப்பு ரைசர் (மாடிக்கு மாடி ஏறும் நிமிர்ந்த பைப்) எல்லாம் போக வேண்டும். கோர் கட்டிங்காரர் துளை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிளம்பர் பைப்பை நுழைத்துக் கிளாம்ப் அடித்துவிட்டுப் போவார். பைப்பைச் சுற்றி நிற்கும் சந்தைத் தீயும் புகையும் தாண்டாதபடி அடைப்பது யாருடைய வேலை என்று எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. கடைசியில் கொத்தனார் ஒரு கரண்டி சிமென்ட் அப்பி, "அடைச்சாச்சுண்ணே" என்பார்.

பிவிசி பைப் உருகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்குக் காலர் (சூட்டில் உப்பிப் பைப்பை நெரித்து மூடும் வளையம்) போடச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. இரும்பு, செம்பு என்றால்தான் அலட்சியம். "அது எரியாதே" என்பார்கள். எரியாதுதான். ஆனால் தீயின்போது அந்தப் பைப் மூன்று காரியம் செய்யும்: சுற்றியுள்ள சந்து வழியாகப் புகைக்கு வழி விடும், சூட்டைத் தன் உடம்பிலேயே அடுத்த அறைக்குக் கடத்தும், நீண்டு வளைந்து அடைப்பைப் பிய்க்கும்.

முதலில் சந்து. நாலு இஞ்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 114.3 மிமீ. அதற்கு ஆறு இஞ்ச், அதாவது 152 மிமீ கோர் போட்டால் சுற்றிலும் 19 மிமீ சந்து. பார்க்கச் சின்னதாகத் தெரியும். பரப்பைக் கணக்குப் போட்டால் 79 சதுர செமீ வருகிறது. எட்டங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரு ஷாஃப்டில் (பைப்புகள் மாடி ஏறும் குழியில்) இப்படி ஆறு பைப் போனால், தளத்தில் ஒரு முழுக் கல்லைப் பெயர்த்துத் திறந்து வைத்த மாதிரி.

அடுத்து நீளல். ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசத் தீச்சோதனை வளைவின்படி உலையின் சூடு 5 நிமிடத்தில் 576 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் 1049. மூன்று மீட்டர் இரும்பு பைப் 800 டிகிரி சூடேறினால் 29 மிமீ நீளும். அதே நீளச் செம்பு 41 மிமீ. இரண்டு முனையும் இறுக்கமாக இருந்தால் அந்த நீளம் வளைவாக மாறும். விறைத்துப்போன சிமென்ட் வளையம் இதற்கு ஈடுகொடுக்காது, விரிசல் விடும்.

சூடு கடத்துவதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன் அடிப்படை ஒன்று: தீத்தடுப்பு சீலன்ட் (சந்தில் பிதுக்கி அடைக்கும் பசை) டியூபுக்கு என்று தனியாகத் தீ தாங்கும் "2 மணி நேரம்" கிடையாது. டியூப் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. இந்தத் தடிமன் சுவர், இந்த அளவுத் துளை, இந்த வகைப் பைப், இவ்வளவு சந்து, இவ்வளவு ஆழம் ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்ப் பஞ்சு), இவ்வளவு கனம் சீலன்ட் என்று மொத்தமாக உலையில் வைத்துச் சோதித்ததற்குத்தான் அந்த நேரம். அமெரிக்க முறையில் இதற்கு யூஎல் 1479, ஏஎஸ்டிஎம் இ814. ஐரோப்பிய முறையில் இஎன் 1366-3. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதியும் சேவைக் குழாய்கள் துளைக்கும் இடத்தை அடைக்கச் சொல்கிறது. சுவர் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம் அடைப்பும் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் தப்பில்லை.

அமெரிக்காவின் யூஎல் சோதனை நிறுவனம் இப்படிச் சோதித்த ஒவ்வொரு அடைப்பு முறைக்கும், அதாவது சிஸ்டத்துக்கும், ஓர் எண்ணும் ஒரு தாளும் தரும். அந்த யூஎல் எண்ணைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சி-ஏஜே-1 என்று தொடங்கினால்: "சி" சுவர், தளம் இரண்டுக்கும் பொருந்தும், "ஏ" கான்கிரீட் தளம், "ஜே" கான்கிரீட் அல்லது கட்டுமானச் சுவர், 1000 வரிசை வெறும் உலோகப் பைப். 2000 பிளாஸ்டிக், 3000 கேபிள், 5000 இன்சுலேஷன் சுற்றிய பைப், 8000 ஒரே துளையில் பல வகை. ஜிப்சம் போர்டு சுவருக்கு எழுத்து "டபிள்யூ-எல்". சப்ளையர் ஒரே ஒரு தாளைக் கொடுத்து "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்றால், அதில் 1000 வரிசையா 5000 வரிசையா என்று பாருங்கள். சில்டு வாட்டர் (ஏசிக்கான குளிர்நீர்) லைனில் இன்சுலேஷன் சுற்றியிருக்கும்; அதற்கு 1000 வரிசைத் தாளைக் காட்டினால் செல்லாது.

தாளில் இன்னும் கவனிக்க வேண்டியவை: தளத்தின் குறைந்தபட்சத் தடிமன் (நாலரை அங்குலம், அதாவது 114 மிமீ கேட்கும் சிஸ்டங்கள் நிறைய; நம் ஊர்ச் சின்னக் கட்டடங்களின் நாலு அங்குல ஸ்லாப் அதற்குள் வராது), பைப்பின் அதிகபட்ச அளவு, சந்தின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு. சந்து "பூஜ்யம் முதல்" என்று போட்டிருந்தால் பைப் ஒரு பக்கம் துளையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அந்தத் தொடும் இடத்தில் சீலன்டை மணியாக உருட்டி வைக்கச் சொல்லியிருப்பார்கள். பூஜ்யம் போடவில்லை என்றால் பைப் எங்கும் தொடாமல், தாள் சொல்லும் குறைந்தபட்சச் சந்து சுற்றிலும் இருக்கும்படி நிற்க வேண்டும்.

வேலைக்கு வருவோம். ஐந்தங்குல ஸ்லாப், 152 மிமீ கோர், நாலு இஞ்ச் ரைசர் பைப் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சிஸ்டம் 100 மிமீ ஆழத்துக்கு ராக்வூல், அதன் மேல் 12 மிமீ சீலன்ட் கேட்கும். சில சிஸ்டங்களில் 6 மிமீ போதும். கையில் உள்ள தாள் சொல்வதுதான் கணக்கு.

கிளாம்ப் முதலில். பைப்பின் எடை அடைப்பின் மேல் உட்காரக் கூடாது. கிளாம்பைச் சுவரில் பிடிக்கும் ஆங்கர் இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ராவல் பிளக் சூட்டில் இளகினால் பைப் தொங்கும், தொங்கும் பைப் அடைப்பையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு துளையின் உள்பக்கத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து ஊத வேண்டும். கோர் தண்ணீரோடு வந்த சிமென்ட் சேறு காய்ந்து மெல்லிய பொருக்காக ஒட்டியிருக்கும். அதன் மேல் சீலன்ட் வைத்தால் பொருக்கோடு சேர்ந்து உரிந்துவிடும். பைப்பில் திரெட் கட்டிங் எண்ணெய் இருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள்.

ராக்வூல் ஒரு கன மீட்டருக்கு 64 கிலோ அடர்த்தி. கிளாஸ்வூல் வேண்டாம், விலை குறைவு என்று கொண்டுவந்து இறக்குவார்கள், ஆனால் கண்ணாடி நார் 600, 700 டிகிரியிலேயே இளகிச் சுருங்கும். ராக்வூல் ஆயிரம் டிகிரிக்கு மேலும் நிற்கும். இரண்டும் மஞ்சளும் பச்சையும் கலந்த பஞ்சு மாதிரிதான் இருக்கும், மூட்டை லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பட்டையாக வெட்டி, மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி மேலிருந்து திணிக்க வேண்டும். விரலால் அழுத்தினால் கல் மாதிரி எதிர்க்காமல், தலையணை மாதிரி உள்ளே போகாமல், இட்லி அளவுக்கு இருந்தால் சரி. தளர்வாக இருந்தால் சீலன்ட் வைக்கும்போதே கீழே இறங்கும், நடுவில் பள்ளம் விழும். மேலே 12 மிமீ பள்ளம் விட்டு நிறுத்துங்கள். ஒரு ஆணியில் 12 மிமீக்குக் கோடு போட்டு நாலு இடத்தில் குத்திப் பார்த்தால் போதும்.

அளவுக் கணக்கு: 79 சதுர செமீ, கனம் 12 மிமீயைக் கொஞ்சம் தாராளமாக 12.5 என்று வைத்தால் 99 மிலி சீலன்ட். வேஸ்டேஜ் 15% சேர்த்து ஏறக்குறைய 115 மிலி. அப்படி 40 துளைக்கு 4.6 லிட்டர், 310 மிலி கேட்ரிட்ஜ் 15 வேண்டும், 600 மிலி சாசேஜ் பாக்கெட் என்றால் 8. ராக்வூல் ஒரு துளைக்கு அமுக்குவதற்கு முன் 1.2 லிட்டர், 75 கிராம். 40 துளைக்கு மூன்று கிலோ. 1000 க்கு 600 மிமீ, 50 மிமீ கனமுள்ள பலகை இரண்டு போதும். 40 துளை அடைத்ததாக பில் வந்து அதில் ஐந்து கேட்ரிட்ஜ்தான் இருந்தால், எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு கணக்கே பாதி மேற்பார்வைக்குச் சமம்.

தளத்துக்கு மேல்பக்கம் மட்டும் சீலன்ட் போதும், சோதனையில் தீ கீழிருந்துதான் வருகிறது. சுவருக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், எந்த அறையில் தீப்பிடிக்கும் என்று சுவருக்குத் தெரியாதே. சுவரின் பின்பக்கம் அலமாரிக்குள் போய்விடுவதால் ஒரு பக்கம் மட்டும் வைத்துவிட்டு விடுவது இங்கே அடிக்கடி பார்க்கும் தப்பு.

இனி சிமென்ட் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை. கான்கிரீட், செங்கல் சுவரில் ஆறு இஞ்ச் வரையுள்ள இரும்பு, செம்பு பைப்புக்குச் சந்தை முழுத் தடிமனுக்கும் கான்கிரீட்டாலோ கலவையாலோ நிரப்பிக்கொள்ள அமெரிக்க விதி இடம் தருகிறது, துளை 144 சதுர அங்குலத்துக்குள் இருந்தால். ஆகவே சிமென்ட் என்றாலே தப்பு என்று சொல்ல முடியாது. முழுத் தடிமன், அல்லது சுவரின் தீத்தாங்கும் நேரத்துக்குத் தேவையான தடிமன் என்பதுதான் அங்கே நிபந்தனை. நம் தளங்களில் நடப்பது மேலே அரை அங்குல மூடி, உள்ளே கசக்கிய சிமென்ட் சாக்கு. அது புகையைக்கூட நிறுத்தாது. சுடுதண்ணீர் லைனிலும் பம்ப் அதிரும் லைனிலும் முழுத் தடிமன் சிமென்டும் நாளடைவில் பைப்பை விட்டு மயிரிழை விலகும். அசையாமல் குளிர்ந்து நிற்கும் ரைசருக்கு வேண்டுமானால் கலவை. மற்றதற்கு ராக்வூல், சீலன்ட்.

ஸ்லாப் கான்கிரீட் போடும்போதே பிவிசி பைப் துண்டை ஸ்லீவாக (பைப் நுழைவதற்கான உறைக்குழாயாக) வைப்பதும் பழக்கம். அந்தத் துண்டு அப்படியே நின்றுவிட்டால் சீலன்ட் ஒட்டுவது கான்கிரீட்டில் அல்ல, பிவிசியில். பிவிசி போனதும் அடைப்பு வளையம் தனியாகக் கழன்று நிற்கும். சோதித்த சிஸ்டத்திலேயே பிளாஸ்டிக் ஸ்லீவ் என்று எழுதியிருந்தால் தவிர, வெட்டி எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஃபிரேமுக்கு அடிக்கும் சாதாரண பியூ ஃபோமைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், அதுவே விறகு.

ஆனால் இந்த வட்டாரத்தில் மிக அதிகமாக இருப்பதும் மிக மோசமாக இருப்பதும் ஸ்பிளிட் ஏசி துளைதான். ஒன்றரை டன் ஏசி ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். 75 மிமீ துளை. அதற்குள் கால் இஞ்ச் லிக்விட் லைன், அரை இஞ்ச் சக்ஷன் லைன், இரண்டின் மேலும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை, ஒரு பிவிசி டிரெயின், ஒரு கேபிள், எல்லாவற்றையும் சுற்றி வெள்ளை டேப், வாயில் கொஞ்சம் புட்டி. பார்க்க அடைத்த மாதிரிதான் இருக்கும். தீயில் டேப், ரப்பர், டிரெயின், கேபிள் உறை எல்லாம் போகும். மிஞ்சுவது இரண்டு செம்புக் கம்பி மாதிரிப் பைப். துளையின் பரப்பு 44 சதுர செமீ. இரண்டு செம்பும் சேர்ந்து அடைப்பது 1.6 சதுர செமீ. மீதி 42-உம் திறந்த வாசல்.

இங்கே வெறும் சீலன்ட் பயன்படாது. சூட்டில் உப்பும் வகைதான் வேண்டும். ஏறக்குறைய 200 டிகிரியில் கிராஃபைட் பல மடங்கு விரிந்து, ரப்பர் எரிந்து விட்ட இடத்தை நெருக்கி மூடும். சில்டு வாட்டர் லைனில் ரப்பரைச் சுவருக்குள் வெட்டிவிட்டு வெறும் பைப்பில் சீலன்ட் வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் அந்த இடத்தில் வியர்க்கும், ஒரு மழைக்காலத்துக்குள் சுண்ணாம்புப் பூச்சில் கறை இறங்கும். ரப்பரைத் தொடரவிட்டு, சுவரின் இருபுறமும் உப்பும் பட்டை சுற்றுவதே சரி. எத்தனை சுற்று என்பதை ரப்பரின் தடிமனை வைத்துச் சிஸ்டம் தாள் சொல்லும். ஏசி துளையில் முடிந்தால் டிரெயினைத் தனியாக வேறு வழியில் அனுப்பிவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் 8000 வரிசையின் சிக்கல் பாதியாகும். ஏசி துளை வெளிச்சுவரில், வானம் பார்த்த பக்கமாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தலைவலியே இல்லை. வளவை (வீட்டின் நடுமுற்றத்தை)ச் சுற்றிய அறைகளில்தான் லைன் ஒரு அறைச் சுவரைத் துளைத்து அடுத்த அறை வழியாகப் போகும்.

பழைய வீடுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: எந்தச் சுவர் தீத்தடுப்புச் சுவர்? இரண்டு கட்டு, மூன்று கட்டு வீட்டில் எல்லாச் சுவரையும் அப்படி ஆக்குவது வீண் செலவு. சமையல்கட்டு, ஜெனரேட்டர் அறை, மின் பேனல் அறை, மாடிப்படி, பைப் ஷாஃப்ட் என்று கோடு போட்டு, அந்தக் கோட்டை வெட்டும் துளைகளை மட்டும் வரைபடத்தில் எண் போட்டு எழுதுங்கள். அங்குள்ள ஒன்றரை அடி, இரண்டு அடிச் செங்கல் சுவர் தடிமனில் தாராளம். சிக்கல் அதன் வயிற்றில். துளைக்கும்போது நடுவில் சுண்ணாம்புக் காரையும் கல்லுச்சில்லும் உதிர்ந்து பானை மாதிரிக் குழி விழும். செம்புறாங்கல் சுவரில் இன்னும் மோசம். வெளியே 150 மிமீ வட்டம், உள்ளே 300 மிமீ குகை. அதில் ராக்வூலைத் திணித்தால் எங்கே போனது என்றே தெரியாது. இரும்பு ஸ்லீவ் ஒன்றைச் சுவரின் முழுத் தடிமனுக்கும் வைத்து, அதைச் சுற்றிச் செங்கல் சில்லும் கலவையும் போட்டு இறுக்கி, காய்ந்த பிறகு ஸ்லீவுக்குள் அடைப்பு வேலையைத் தொடங்குங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் சீலன்ட் ஒட்டாது, மாவாக உதிரும். முட்டைப் பூச்சின் பளபளப்பு அழகுதான். துளையின் வாயில் ஓர் அங்குல அகலத்துக்கு அதைச் செதுக்கிச் செங்கலைக் காட்டியே ஆக வேண்டும். மேலே எஸ்கட்சன் வளையம் (பைப்பைச் சுற்றித் துளை வாயை மறைக்கும் தட்டு) மூடிவிடும்.

மெட்ராஸ் டெரஸ் தளம் வேறு கதை. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட தளத்துக்குச் சி-ஏஜே தாள் எதுவும் பொருந்தாது. அதில் துளையை எவ்வளவு நன்றாக அடைத்தாலும், அடியில் உள்ள மரச்சட்டம் தாங்கும் நேரம்தான் அந்தத் தளத்தின் நேரம். தளத்துக்குப் பொறியாளர் மதிப்பீடு எழுத்தில் இல்லாமல் "2 மணி நேர அடைப்பு" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது ஏமாற்று வேலை. முடிந்தால் பைப்புகளைத் தளத்தைத் துளைக்காமல் வெளிச்சுவர் ஓரமாக ஏற்றிவிடுங்கள்.

சூடு கடத்தும் கதை இங்கேதான் கடிக்கும். யூஎல் தாளில் இரண்டு எண் இருக்கும். எஃப் என்பது தீயும், அதன் பிறகு ஹோஸ் தண்ணீர் அடியும் ஊடுருவாமல் தாங்கிய நேரம். டி என்பது மறுபக்கத்தில் சூடு தொடக்க நிலையைவிட 181 டிகிரி ஏறும் வரையான நேரம். வெறும் உலோகப் பைப்பில் எஃப் 2 மணி இருக்கும், டி பூஜ்யமோ கால் மணியோதான் இருக்கும். செம்பு இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கான்கிரீட் அறையில் அது பெரிய விஷயமில்லை. மறுபக்கம் பைப்பை ஒட்டித் தேக்குப் பலகைக் கூரையோ, திரையோ, துணி அலமாரியோ இருந்தால் விஷயம்தான். டி வேண்டுமென்றால், அடைப்பிலிருந்து தாள் சொல்லும் நீளத்துக்குப் பைப்பின் மேல் ராக்வூல் பைப் செக்ஷன் போர்த்த வேண்டும்.

யாரும் கண்டுகொள்ளாத இன்னொன்று: ஸ்லாபில் மட்டும் வார்ப்பிரும்புத் துண்டு, மேலும் கீழும் பிவிசி. அடைப்பு உலோகத்துக்குச் சரியாகவே இருக்கும். கீழே பிவிசி உருகி விழுந்ததும் வார்ப்பிரும்பின் வாய் திறந்துகொள்ளும், புகை பைப்புக்குள்ளேயே மாடி ஏறும். இஎன் தாளில் பைப் முனை திறந்ததா மூடியதா என்று இரண்டு எழுத்து இருப்பது இதற்காகத்தான். ஒன்று மாடி முழுக்க உலோகம் போடுங்கள், இல்லை பிவிசி என்றே ஒப்புக்கொண்டு காலர் மாட்டுங்கள்.

சீலன்ட் தேர்வில் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் டியூபைச் செம்பு, பித்தளை, ஜிஐ எதன் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்; அதில் வெளியாகும் அசெட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கும், காரைச் சுவரிலும் சரியாகப் பிடிக்காது. அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற காரைக்குடியில் கேஸ் லைன் செம்பில் பச்சை பூத்து நின்றால் நமக்குத்தான் வெட்கம். உள்ளே, நனையாத இடத்துக்கு நீர்வகை அக்ரிலிக் போதும், மேலே பெயின்டும் நிற்கும். வளவில் சாரல் படும் இடம், குளியலறைத் தளம், பம்ப் அறைக்கு நடுநிலை சிலிக்கோன். அக்ரிலிக் டியூப்களைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் போட்டு வைத்தால் உள்ளே தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும். இந்த வெயிலில் மேல்தோல் சீக்கிரம் கட்டிக்கொள்ளும், உள்ளே இறுக நாட்கள் பிடிக்கும். அதற்குள் பைப்பில் பிரஷர் டெஸ்ட் போட்டு அதிரவிடாதீர்கள்.

ஆய்வு ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் நடக்க வேண்டும். ஒரு துளைக்கு இரண்டு போட்டோ: ராக்வூல் திணித்து ஆணி அளவு தெரியும்படி ஒன்று, சீலன்ட் முடிந்து ஒன்று. இரண்டிலும் துளை எண் எழுதிய சீட்டு தெரிய வேண்டும். பக்கத்தில் ஸ்டிக்கர்: எண், சிஸ்டம் எண், தேதி, செய்தவர். ஏஎஸ்டிஎம் இ2174 ஆய்வு முறை, அடைக்கும்போது கூடவே நின்று பார்த்தால் வகைக்கு 10%, முடிந்த பிறகு வெட்டிப் பார்த்தால் வகைக்கு 2% என்கிறது. வெட்டிப் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும்: கட்டரால் சீலன்டில் ஓர் அங்குலத் துண்டு எடுத்து ஸ்கேல் வையுங்கள். 12 மிமீ கேட்ட இடத்தில் 4 மிமீ வந்தால் அந்த ஆள் செய்த எல்லாத் துளையையும் திறந்து பாருங்கள்.

ஒப்படைத்து மூன்று மாதத்தில் சிசிடிவிக்காரரோ இன்டர்நெட்காரரோ வருவார். ஏற்கெனவே பைப் போன துளையில் ஸ்குரூடிரைவரால் குத்தி ஒரு வயரை விட்டுவிட்டுப் போவார். அதைத் தடுக்க ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஒரு காலி ஸ்லீவை ராக்வூலும் சீலன்டும் வைத்து அடைத்து, "வயருக்கு இது" என்று தமிழிலேயே எழுதி வைத்துவிடுங்கள். வயர் நுழைத்த பிறகு அந்த ஸ்லீவை 3000 வரிசைத் தாளின்படி மறுபடி அடைக்க வேண்டும். அதற்கு இரண்டு டியூப் சீலன்டைக் காலாவதித் தேதி பார்த்து வாங்கி, குளுமையான அறையில் மேனேஜர் பொறுப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.